பிளீச்சிங் பவுடருக்குக் கணக்கு உண்டு

எங்கள் கிராம சபையை ஒருநாள் வந்து பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம், வேப்பமரத்தடி, கிழிந்த சாமியானா. பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை வாங்கினீர்கள், எந்தத் தெருவில் போட்டீர்கள் என்று அப்பத்தா ஒருத்தி எழுந்தால் ஊராட்சி செயலர் கையில் டீ ஆறிப்போகும். கோரம் சேராவிட்டால் கூட்டமே செல்லாது.

நாட்டை எழுதிக் கொடுக்க இத்தனை இம்சை கிடையாது. அமைச்சர் விமானம் ஏறுவார், பேனாவைத் திறப்பார், முடிந்தது. வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் ஒரு வரி இல்லை. 1994-ல் மராகேஷில் உலக வர்த்தக அமைப்புக்கு அப்படித்தான் கையெழுத்து விழுந்தது. 2009 ஆகஸ்ட் 13-ல் பாங்காக்கில் ஆசியானோடும் அப்படித்தான். விவசாயம் மாநிலப் பட்டியலில் இருக்கிறதே என்பீர்கள். வெளிநாட்டு ஒப்பந்தம் என்றால் 253-வது பிரிவு அந்த வேலியையும் தாண்டும்.

ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்து அந்த ஆண்டு கேரளத்தில் மனிதச் சங்கிலி நின்றது. நமக்கு? அதே 2009 தேர்தலில்தான் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே காணாமல் போனது. திருச்சிக்கு இரண்டு சட்டமன்றத் தொகுதி, சிவகங்கைக்கு இரண்டு, ராமநாதபுரத்துக்கும் கரூருக்கும் ஒவ்வொன்று என மாவட்டத்தை ஆட்டுக்கறி மாதிரி கூறு போட்டார்கள். நாலு எம்.பி. கிடைத்தார்களே என்று மகிழலாம். நாலு பேரையும் யாரும் கேட்கப் போவதில்லை, அது வேறு சங்கதி.

2025 ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம். அங்கே 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தை 21 அமர்வு நாள் நாடாளுமன்றத்தில் வைத்த பிறகே உறுதி செய்ய முடியும். நம்மை ஆண்டவன் தன் எம்.பி.க்குக் காட்டுகிறான். நம் எம்.பி. காலைப் பேப்பரில் படித்துக்கொள்கிறார்.

வரி குறைந்தால் சந்தையில் விலை காட்டிக் கொடுக்கும். ஆனால் தர விதி, உணவுப் பாதுகாப்பு விதி எல்லாம் இரு நாட்டு அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற குழுக்களில் நகர்கின்றன. அங்கே என்ன பேசினார்கள் என்பது மணமேல்குடி இறால் குட்டைக்காரருக்கு, அனுப்பிய சரக்கு திரும்பி வந்த அன்றுதான் தெரியும். நாடாளுமன்ற வர்த்தக நிலைக்குழு பரிந்துரை எழுதலாம். ஏற்பதும் எறிவதும் துரைமார் சித்தம்.

போன கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். அப்பத்தா காதைத் தீட்டிக் கேட்டாள்.

"அதுக்குக் கோரம் எம்புட்டுப் பேருடா?"

"ஒரு ஆளு, அப்பத்தா."

செயலர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எங்கள மட்டும் ஏந்தம்பி வெயில்ல உக்கார வச்சிருக்கீக?"