டிராகன் செத்த பிறகு வரும் கணக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வீரதீர விளையாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிராகனைக் கொல்ல எங்கள் கும்பலுக்கு ஒரு மணி நேரம் போதும். அது காவல் காத்த புதையலைப் பங்கு போடத்தான் விடிந்துவிடும். ஆட்டத்தில் நான் மந்திரவாதி. ஆனால் மந்திரம் எழுதிய தாளைவிட வரவு செலவு எழுதிய தாள்தான் கனம்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் உருவாக்கிய இந்த ஆட்டத்தின் பழைய விதிகளில், குகையிலிருந்து பத்திரமாகக் கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி உண்டு. பூதம் குறட்டை விடும்போது நைசாக அள்ளிக்கொண்டு வருகிறவன்தான் சீக்கிரம் மாவீரன் ஆவான்.

நாங்கள் ஆடுவது 2003-ல் வந்த 3.5 பதிப்பு. அதில் கோழிக்குக்கூட விலை உண்டு, 2 செப்புக்காசு. எடுபிடி ஆளுக்கு நாள்கூலி 1 வெள்ளி, அதாவது 10 செப்பு. மந்திர வாள்களிலேயே அடிமட்டமான 'பிளஸ் ஒன்' நீள்வாள் 2,315 பொன். பத்து வெள்ளி ஒரு பொன். அந்த எடுபிடி பச்சைத்தண்ணிகூட வாங்கிக் குடிக்காமல், ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்தால் 63 வருஷத்தில் வாங்கிவிடலாம். தூக்கத்தான் தெம்பு இருக்காது. எங்கள் மூட்டையில் அது நாலு கிடக்கிறது, சீந்துவாரில்லாமல்.

விற்கப் போனால் பாதி விலை. அதுவும் குக்கிராமத்தில் 40 பொன்னுக்கு மேல் எதுவும் போணியாகாது. நகரத்துக்குத்தான் சுமக்க வேண்டும். சுமப்பதற்கென்றே ஒரு மாயப்பை இருக்கிறது. ஆரம்ப விலை 2,500 பொன், 250 பவுண்டு கொள்ளும். கூரான எதுவும் குத்தினால் பை கிழிந்து, உள்ளே இருப்பது அத்தனையும் கோவிந்தா. எங்களிடம் உள்ளே போட இருப்பதோ நாலு வாள்.

பங்கு பிரிக்கும்போது எங்கள் பூசாரி, "எனக்கு ஒண்ணும் வேணாம்பா" என்று ஆரம்பிப்பார். கேட்டதும் நான் மோதிரங்களை எண்ணிவிடுவேன்.

இந்தப் பிழைப்புக்கு விடிவு கண்டது எங்கள் திருடன். பத்தடி ஏணி 5 செப்பு. பத்தடிக் கழி 2 வெள்ளி. ஓர் ஏணியில் இரண்டு கழி இருக்கிறது, படிகள் அடுப்புக்கு. பாதி விலைக்குத் தள்ளினாலும் ஏணிக்கு 15 செப்பு லாபம், எடுபிடியின் ஒன்றரை நாள் கூலி. டிராகனும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். ஒரு ரம்பம் போதும். இந்தப் பதிப்பை ஆடுகிறவர்களிடையே இது பழைய வேடிக்கைதான் என்றாலும், எங்களுக்கு அன்றைக்குத்தான் ஞானம் பிறந்தது. ஊரில் உள்ள ஏணி எல்லாம் எங்களுக்கே என்றோம்.

1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில், புதையல் புழங்கும் ஊரின் எகிறும் விலைவாசியை அலாஸ்கா தங்க வேட்டைக் காலத்தோடு ஒப்பிட்டிருக்கிறார் கைகாக்ஸ். ஆட்டத்தை நடத்துகிற, கடைக்காரராகவும் பேசுகிற எங்கள் டன்ஜன் மாஸ்டர் அதைப் படித்தவர்.

"ஏணி இருக்கு. இன்னைக்கு விலை 3 வெள்ளி," என்றார்.

"கழி எவ்வளவுக்கு எடுத்துப்பீங்க?"

"கழியா? அதை இப்ப யாருங்க வாங்குறாங்க?"