ஆதாரம் அண்ணாச்சி

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீ குடிக்கிறவர்களுக்கு ஆதாரம் அண்ணாச்சியைத் தெரியாமல் இருக்காது. ஒருவரல்ல, கடைக்கு ஒருவர் உண்டு. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் போன், வாயில் ஒரே கேள்வி: "இதுக்கு ஆதாரம் என்ன?"

சனீஸ்வரன் கோயிலைக் கடக்கும்போது செயற்கைக்கோள் நின்றுவிடுகிறதாம், நாசாவே மிரண்டுவிட்டதாம் என்று யாராவது வாசித்தால் போச்சு. "நாசாக்காரன் என்னிக்குச் சொன்னான், எங்க சொன்னான்?" என்று மடக்குவார். நியாயமான கேள்விதான், நாசா அப்படிச் சொன்னதே இல்லை.

ஆனால் அவருடைய சந்தேகத்துக்கு ஊர் எல்லை உண்டு. 'ராஜபாளையம் நாய்தான் உலகின் சிறந்த நாய்: யுனெஸ்கோ அறிவிப்பு' என்று வந்தால், டீ ஆறுவதற்குள் ஐந்து குரூப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். யுனெஸ்கோ நாய்களுக்கு ரேங்க் போடுவதில்லையே என்றால், "மூணு குரூப்புல வந்திருக்கு தம்பி" என்பார். மூன்றிலும் போட்டது அவர் மைத்துனர். "இரட்டை அம்புக்குறி வேற இருக்கு பாரு. கம்பெனிக்காரனே முத்திரை குத்தியிருக்கான்!" பல கை மாறி வந்த சரக்கு என்று வாட்ஸ்அப் ஒட்டுகிற சீட்டு அது. 2005இல் தபால் துறை நிஜமாகவே அந்த நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. அதைச் சொன்னால் அண்ணாச்சி கொட்டாவி விடுகிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கு ஒரு சம்பந்தி, அதே ரகம். பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை, கேட்காதவர்களிடமும் தேதியோடு சொல்வார். போன வாரம் அவர், "அரசு முத்திரையில இருக்கிறது எங்க ஆண்டாள் கோயில் கோபுரம்" என்று ஆரம்பித்ததும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வரைஞ்ச ஓவியர் கிருஷ்ணா ராவே, மதுரை மேற்குக் கோபுரத்தப் பாத்துத்தான் வரைஞ்சேன்னு சொல்லிட்டாரே சம்பந்தி. ஆதாரம்னா அது!"

சம்பந்தி அசரவில்லை. விரலில் ஒட்டிய பால்கோவாவை நிதானமாக வழித்துவிட்டுக் கேட்டார்: "1949ல மெட்ராஸ் ராஜதானிக்கு முதல் மந்திரி யாரு? உங்க ஊரு குமாரசாமி ராஜா. அவரே பாத்து, எங்க கோபுரம்தான்னு சம்மதிச்சு வச்சது."

அந்த வருஷம் ஏப்ரல் முதல் வாரம்வரை ஓமந்தூரார் அல்லவா நாற்காலியில் இருந்தார், ராஜா சம்மதித்ததற்கு எழுத்து எங்கே என்றெல்லாம் அங்கே கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க ராஜாவா சொன்னாரு? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! டைப் பண்ணி அனுப்புங்க சம்பந்தி, குரூப்புல போடணும்."