வண்ண உறையா, வெள்ளை உறையா?

கேள்வி: ‘சார்ஜண்ட் பெப்பர்’ இசைத்தட்டு உறையின் கோலாகலத்துக்குப் பின், வெற்று வெள்ளை உறையைத் தந்து பீட்டில்ஸ் குழுவினர் ரசிகர்களை ஏமாற்றிவிட்டதாக என் நண்பர் வாதிக்கிறார். தங்கள் அபிப்பிராயம்?

பதில்: 1967-இல் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் பிரசித்தர்களின் உருவங்களை ஆளுயர அட்டைகளில் வெட்டி நிறுத்தி, பாடல்களைப் பின்னட்டையில் அச்சிட்டு, ஒட்டிக்கொள்ள மீசைகூட உள்ளே வைத்தளித்த அந்த உறையைக் கண்டு சொக்காதார் இல்லை; ஆயினும், அதன்பின் எந்தச் சித்திரம் வந்தாலும் அதன் நகலாகவே தோன்றியிருக்குமாதலால், 1968-இல் ரிச்சர்ட் ஹாமில்டன் வர்ணத்தையே துறந்து, குழுவின் பெயரை வெள்ளையிலேயே சற்றுச் சாய்வாகப் புடைத்தெழச் செய்து, பிரதிதோறும் தொடர் எண்ணைப் பொறித்தாரே, அந்தத் துணிவுக்கே என் வாக்கு. மேலும், உள்ளே நால்வரின் வர்ணப் படங்களும் பெரிய சித்திரத்தாள் ஒன்றும் இருந்தன. உறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் நண்பரை!