பழசை ஏம்ல வையுத?

ஏ மக்கா, இங்க வா. மூலையில இரைஞ்சுக்கிட்டு நிக்குதே சன் சர்வர் பெட்டி, அதைப் பாத்து மூக்கைச் சுழிக்கியாமே? அதுல ஓடுத ஆப்பரேட்டிங் சிஸ்டம் சோலாரிஸ் 8 வந்தது 2000-த்துல. நீ டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துலயே அது சம்பளக் கணக்கு போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஒரு மாசம் தவறியிருக்கா? இப்பம் டிஸ்க்கு போனா மாத்து டிஸ்க்கு கெடைக்கல, அம்புட்டுதான். நோக்காடு பெட்டிக்கா, சாஃப்ட்வேருக்கா?

ஆலோசகர்னு ஒருத்தர் வந்தாரே. கட்டுக் கட்டா ஸ்லைடு. 'எல்லாத்தையும் புதுசா எழுதணும்'னாரு. சோர்ஸ் கோடு எங்கன்னு கேட்டேன். ஒருத்தனும் வாயைத் தொறக்கல. எழுதின ஆளு? ரிட்டயராகிப் போயாச்சு. இருக்கதைப் படிக்கவே ஆளைக் காணோம், புதுசா எழுதப் போறாவளாம்!

நீ வேற, 'தாத்தா, கன்டெய்னர்னு புதுசா ஒண்ணு'ங்க. புதுசாலே? ஒரே இரும்புல பல மெஷின் ஓட்டுத வித்தையை ஐபிஎம்காரன் 1972-லயே வித்துட்டான். யூனிக்ஸ்ல சிரூட் 1979. ஃப்ரீபிஎஸ்டி ஜெயில் 2000. டாக்கர் வந்தது 2013-ல. கடைக்குட்டிக்குத்தான் ஊர்வலம் பெருசு.

கேளு. 2005-ல வந்த சோலாரிஸ் 10-ல சோன்னு ஒண்ணு உண்டு. 2007-ல அதுக்குள்ள சோலாரிஸ் 8-ஐக் குடிவைக்க வழி பண்ணுனாவ. ஊர்ல ஓட்டுவீடு இடியப் போவுது, ஆச்சியை மவன் தன் வீட்டுக்குக் கூட்டியாரான்னு வையி. ஒரு ரூமுல அவ கட்டிலு, வெத்தலைப்பெட்டி, சாமி படம், எல்லாம் இருந்தபடியே. ஆனா வீட்டுக்கு அடுப்பு ஒண்ணுதான். அதான் சோலாரிஸ் 10 கர்னல். பழைய புரோகிராம் கேக்கதை அதுக்குப் புரியும்படி மாத்திக் குடுக்க நடுவுல ஒரு படலம். லைசென்ஸ் சாஃப்ட்வேர் 'ஹோஸ்ட் ஐடி என்ன?'ன்னு மொறைச்சா, பழைய நம்பரையே சொல்ல வைக்கலாம். வித்தவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யி, நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தா நான் பொறுப்பில்ல.

இன்டெல் பெட்டி மலிவுன்னு வாங்கிப்புடாத. இது சன்னோட ஸ்பார்க் சிப்புல இருந்து ஸ்பார்க்குக்குத்தான். கர்னல்ல சொருவுத வெளி டிரைவர் எதாவது இருந்தா அதுவும் உள்ள வேகாது. அப்பொறம் நீ வாங்கப் பாக்குத அந்த டி2000 சன் பெட்டி. 8 கோரு, 32 த்ரெட்டுன்னு மீசையை முறுக்குனாவ. உன் சம்பள புரோகிராமோ ஒத்தை த்ரெட்டு. ஒண்ணு ஓடும், 31 கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். ஃப்ளோட்டிங் பாயிண்ட் கணக்குக்கு அந்த டி1 சிப்புல 8 கோருக்கும் சேத்து ஒரே யூனிட்டு. பில்லு கட்டுததுக்கு முன்ன ஒரு மாசச் சம்பளத்தை அதுல ஓட்டிப் பாத்தா கிரீடம் எறங்கிருமோ?

மேனேஜரு 'நவீனமாக்கிட்டோம்'னு கேக்கு வெட்டப் போறாராம். வெட்டட்டும், எனக்கும் ஒரு துண்டு எடுத்து வையி. ஆனா பழைய சாஃப்ட்வேர்ல இருந்த ஓட்டை, புதுப் பெட்டியில அடைஞ்சிருமாலே? பெட்டியைத்தான மாத்துன? இண்டர்நெட்டுப் பக்கம் அதைக் காட்டவே காட்டாத, ஃபயர்வாலுக்குப் பொறத்தயே வையி.

மாத்துன அன்னைக்கு ராத்திரி பழைய பெட்டியோட நெட்வொர்க் வயரைப் புடுங்கிரு. இல்லாட்டி நேரம் பாத்து வேலையை ஓட்டுத கிரான் ரெண்டு பக்கமும் முழிச்சுக்கிடும். பேங்குக்குச் சம்பள ஃபைல் ரெண்டு தடவை போவும். வேலைக்காரனுவளுக்குக் கொண்டாட்டம், உனக்குத்தான் திண்டாட்டம். அதுக்காவப் பழசை உடனே காயலான் கடைக்கும் தள்ளிராத. மாசக் கடைசி வரட்டும், வருசக் கணக்கு முடியட்டும்.

சரி, எந்திரி. மொத சோலி, பழைய பெட்டியில ஃப்ளார்கிரியேட்னு கமாண்டு போட்டு முழு ஆர்க்கைவ் எடுக்கணும். ரூட்டா நுழைஞ்சாத்தான் ஆவும். பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

என்னல முழிக்க?