கடற்கரைக் காணி விற்பனைக்கு

கடற்கரைப் பக்கம் காணி வாங்கப் போகிறீர்களா? கட்டாரில் வெயில் குடித்துச் சேர்த்த காசா? நல்லது. புறோக்கரிடம் பேர்ச் என்ன விலை என்று கேட்காதீர்கள். அந்தப் பேர்ச் அடுத்த வருடமும் அதே இடத்தில் கிடக்குமா என்று கேளுங்கள்.

ஒலுவிலில் கிடக்கவில்லை.

அம்பாறை மாவட்டத்துக் கரையூர் அது. அங்கே ஒரு துறைமுகம் கட்டினார்கள். முன்னாள் அமைச்சர் மர்ஹூம் அஷ்ரப் கண்ட கனவு என்றார்கள். டென்மார்க்கிடம் கடன் வாங்கினார்கள். ஊராரின் காணியைச் சுவீகரித்தார்கள். நட்டஈட்டுக்குக் காணிக்காரர் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2013 செப்டம்பரில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ வந்து திறந்து வைத்தார். கொடி, மாலை, மேளம் எல்லாம் வந்தன. கப்பல்தான் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கடல் வந்தது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை அலைதடுப்புச் சுவர் மறித்தது. மணல் கிடைக்காத கடல் வடக்குப் பக்கக் கரையைத் தின்னத் தொடங்கியது. தென்னை போனது, வாடி போனது, காணி போனது. மறிபட்ட மணலாவது சும்மா இருந்ததா? துறைமுக வாசலில் வந்து குந்திக்கொண்டது. மீன்பிடிப் படகே உள்ளே போக முடியவில்லை. வணிகக் கப்பலுக்காகக் கட்டிய துறைமுகத்துக்கு மண் தோண்டும் கப்பல் வந்து போனது. மண் வேண்டிய இடத்தில் மண் இல்லை, வேண்டாத இடத்தில் குவியல். இதற்குத்தான் கடன் வாங்கினோம்.

காணி கடலுக்குப் போனாலும் உறுதி கையில் இருக்கிறதே என்பீர்கள். உறுதி இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. இந்தப் பக்கத்தில் பலரிடம் இருப்பது பேர்மிட், இல்லையென்றால் அளிப்புப் பத்திரம். ஆட்சி மாறும்போதெல்லாம் அதற்கு ஒரு புதுப் பெயர் சூட்டுவார்கள். சுவர்ணபூமி வந்தது. ஜயபூமி வந்தது. ரன்பிம வந்தது. ஒவ்வொரு தடவையும் மேடை, ஒவ்வொரு தடவையும் கையில் கொடுத்து ஒரு படம். பொன் பூமி, வெற்றி பூமி என்று பேருக்குக் குறைவில்லை. அந்தப் பத்திரத்தைக் கொண்டுபோய் வங்கியில் நீட்டிப் பாருங்கள். மனேஜரின் முகத்தில் எல்லாப் பூமியும் தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கரையில் ஒரு கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அந்தக் கோட்டுக்குள் வீடு கட்டக்கூடாது, ஆபத்து. காலியில் கடல் 100 மீற்றரோடு திரும்பிவிடும், கல்முனையில் மட்டும் 200 மீற்றர் வரும் என்று அலையிடம் யார் எழுதி வாங்கினார்களோ தெரியாது. ஹோட்டல்காரருக்கு மட்டும் விலக்கு. உல்லாசப் பயணியைக் கடல் அடிக்காது போலும். சனம் கூடாரத்தில் கிடந்து வெந்த பிறகு கோட்டைச் சுருட்டினார்கள். எங்கள் பக்கம் அது 65 மீற்றரானது. மருதமுனையில் ‘65 மீற்றர் வீட்டுத்திட்டம்’ என்றே ஒன்று உண்டு. கடல் நின்ற இடத்திலேயே நின்றது, நகர்ந்தது கோடுதான்.

கடலுக்குப் பயந்தால் உள்ளே போகலாமே என்கிறீர்களா? சம்மாந்துறைக்கு வரலாம். இங்கே கடல் இல்லை, வயல் இருக்கிறது. வயலை மூடி வீடு கட்டினால் கமநல அபிவிருத்தித் திணைக்களம் கேள்வி கேட்கும். கேட்க வேண்டியதுதான், சோறும் வேண்டுமே. மேட்டுக் காணி எல்லாம் எப்போதோ நிறைந்துவிட்டது. மிச்சம் இருக்கிற துண்டுக்கு விலை கேட்டால் தேத்தண்ணி தொண்டையில் நின்றுவிடும்.

எங்கள் ஊர்களில் வீடு என்பது ஆடம்பரம் இல்லை. மகளைக் கரைசேர்க்க வீடு கொடுக்க வேண்டும். சரியா பிழையா என்பது வேறு கட்டுரை. நடப்பு இதுதான். சாய்ந்தமருதில் ஒரு காக்கா அளவு நாடாவும் கையுமாக வளவுக்குள் நிற்பதைப் பார்த்தேன். மொத்தம் 14 பேர்ச். மூன்று பெண் பிள்ளைகள். சுவரில் கரியால் கோடு இழுத்து வைத்திருந்தார்.

“மூணு பேருக்கும் பிரிச்சாச்சி. கிணறுதான் நடுவுல வருகுது. அத ஆருக்குக் குடுக்கிறதென்டுதான் யோசன.”

“உங்களுக்கும் ராத்தாவுக்கும்?”

“எங்களுக்கென்ன, மூத்தவட விறாந்தையில படுப்பம்.”

ஒரு மனிதன் தன் ஆயுள் உழைப்பை அளந்து பங்கு வைக்கிறார், கடைசியில் தனக்கு ஒரு பாய் அகலம்கூட மிஞ்சவில்லை. சாய்ந்தமருதுச் சனத்துக்குச் சொந்தமாக உள்ளூராட்சி சபை வேண்டும் என்ற கோரிக்கைக்கு 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது. பட்டாசு கொளுத்திய புகை அடங்குமுன் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. சரி, அது கிடக்கட்டும். சபை இல்லாமல் வாழலாம். கூரை?

கூரை இருக்கிறது. 500 கூரை இருக்கிறது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் போய்ப் பாருங்கள்.

சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியா கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. நம்முடைய திறைசேரியின் பணம் இல்லை, கடனும் இல்லை. வீட்டோடு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிவாசல், விளையாட்டு மைதானம் எல்லாம் கட்டினார்கள். ஒரு ஊருக்கு வேண்டியதில் ஒன்றுதான் குறை: ஆட்கள்.

தீகவாபி பௌத்த புனித பூமிக்குப் பக்கத்தில் முஸ்லிம்களைக் குடியேற்றுகிறார்கள் என்று ஜாதிக ஹெல உறுமய தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. அரச காணியில் கட்டிய வீடு ஒரு இனத்துக்கு மட்டும் போகக்கூடாது, தேசிய இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தை விமர்சிக்கும் கொழுப்பு எனக்கு இல்லை. வாய்ப்பாடு மட்டும் சொல்கிறேன். நாட்டில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் என்று வையுங்கள். 500இல் 45 வீடு. நாட்டிலேயே அதிக உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. செத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்களும் தமிழர்களும். அலை அடிக்கும்போது தேசிய விகிதாசாரம் பார்க்கவில்லை. வீடு கொடுக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும்.

சரி, அந்த 45ஐயாவது கொடுத்தார்களா? இல்லை. சிங்களவருக்கு உரியதைச் சிங்களவருக்குக் கொடுத்தார்களா? அதுவும் இல்லை. தமிழருக்கு? கேட்கவே வேண்டாம். மூவினத்துக்கும் ஒரு குண்டுமணி பிசகாமல் சமமாகப் பங்கிட்ட வீட்டுத்திட்டம் இலங்கையில் இது ஒன்றுதான். ஆளுக்குப் பூச்சியம்.

பத்து வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. பிறகு பூட்டுவதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. கதவைக் கழற்றினார்கள், யன்னலைக் கழற்றினார்கள், வயரை உருவினார்கள். வளவுகளைக் காடு மூடியது. குடியேற அனுமதி கேட்டு மனிதன் கச்சேரிப் படி ஏறி இறங்கினான், பற்றை ஒரு கடிதமும் எழுதாமல் குடியேறியது. தேர்தல் நெருங்கும்போது மட்டும் அந்தப் பக்கம் ஒரு வாகனப் புழுதி கிளம்பும். ‘நுரைச்சோலை வீட்டைப் பெற்றுத் தருவேன்’ என்ற வாக்குறுதியால் எத்தனை பேர் கொழும்பில் வீடு கட்டினார்களோ, அந்தக் கணக்கை எடுக்க ஒரு ஆணைக்குழு போடலாம்.

அந்தச் சுனாமி அலை புறப்பட்டது சுமாத்ராவிலிருந்து. அங்கே அச்சே மாகாணம் நம்மைவிடப் பல மடங்கு அழிந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அங்கும் நம்மைப் போலவே ஒரு உள்நாட்டுப் போர். இந்தோனேசிய அரசு 2005 ஏப்ரலில் புனர்நிர்மாணத்துக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 2009 ஏப்ரலில் வேலை முடிந்தது என்று அதை இழுத்து மூடியது. நாலு வருடத்தில் எழுந்த வீடுகள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அங்கே எல்லோரும் உத்தமர் என்று சொல்லவில்லை. அங்கேயும் களவு நடந்தது, கோணல் சுவரும் எழுந்தது. ஆனாலும் சனம் குடிபோனது. லம்பூக் கிராமத்தில் துருக்கியர் கட்டிய வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். பண்டா அச்சேக்குப் பக்கத்தில் சீனர் கட்டிய குடியிருப்புக்கு ‘ஜாக்கி சான் கிராமம்’ என்று ஊர்ச்சனமே பட்டப்பெயர் வைத்திருக்கிறது. (குடியிருப்பவனுக்குத்தான் பட்டப்பெயர் வைக்க நேரம் கிடைக்கும்.) நம்முடைய 500 வீட்டில் ஒன்றுக்கு வீட்டிலக்கம் சொல்லக்கூட ஆளில்லை.

இது இனப் பிரச்சினை, ஒரு பக்கத்துக்காரன் இன்னொரு பக்கத்துக்காரனுக்கு வைத்த ஆப்பு என்று யாராவது இரகசியமாகக் காதில் ஊதினால், அவரைப் பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைக்குக் கூட்டிப்போங்கள். பாணமையில் பெரும்பாலானோர் சிங்களவர். 2010இல் அவர்களுடைய குடிசைகளை எரித்து விரட்டினார்கள். அந்த மண்ணில் படைமுகாம் வந்தது, உல்லாச விடுதி வந்தது. காணியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2015இல் அமைச்சரவையே முடிவெடுத்தது. முடிவு கொழும்பில் இருந்தது, முகாம் பாணமையில் இருந்தது. இரண்டுக்கும் இடையே நிறைய மைல்.

ஆக, இந்தக் கரையில் காணியின் எதிர்காலம் என்ன என்று கேட்டால் என்னுடைய பதில் இது. முதலீட்டுக்கு அருமையான இடம், நீங்கள் அரசியல்வாதியாக இருந்தால். வீடு இல்லாத சனம் இருக்கும்வரை உங்களுக்கு மேடை உண்டு. வீட்டைக் கொடுத்துவிட்டால் அடுத்த தேர்தலுக்கு என்ன பேசுவது?

அதனால் அடுத்த தடவை வாக்குக் கேட்டு வருகிறவரை வாசலில் மறியுங்கள். மாலை வேண்டாம், பேச்சும் வேண்டாம். அவருடைய வாகனத்திலேயே ஏறி நுரைச்சோலைக்குப் போகச் சொல்லுங்கள். அந்த 500இல் ஒரு வீட்டில், கதவில்லாத வீட்டில், ஒரே ஒரு இரவு குடும்பத்தோடு படுத்துவிட்டு வரட்டும். விடிந்த பிறகு வாக்கைப் பற்றிப் பேசலாம்.