கடலுக்குப் பாலம் போட்ட மகாராசாக்களுக்கு

விடுமுறை வீடு பதிவுசெய்யும் செயலியின் பெருமதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் பாலம் கட்டித் தந்தமைக்கு முதற்கண் நன்றி. எந்த அரசாங்கமும் செய்யாத வேலை. இராமருக்கே வானரப்படை தேவைப்பட்டது. நீங்கள் வரைபடத்தில் ஒரு நீலக் கோட்டோடு முடித்துவிட்டீர்கள்.

போன சனிக்கிழமை நெடுந்தீவில் இருக்கிற என் வீட்டில் தங்குவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் அந்தக் கோட்டை நம்பி வாகனத்தில் வந்தது. பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு எல்லாம் கடந்து, இருட்டினபிறகு குறிகட்டுவான் துறையில் நின்று போன் எடுத்தார்கள். "அண்ணை, பாலம் எந்தப் பக்கம்?"

"தம்பி, இனிக் கடல்தான். பின்னேரப் படகும் போட்டுது."

பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நாள் எனக்கு ஒற்றை நட்சத்திரம்: 'வீட்டுக்காரர் பொய்யர்.' கூடவே உங்கள் கடிதம்: இருப்பிட விவரம் பிழையாம், அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த காசை என் கணக்கில் கழித்தாயிற்றாம்.

பிழைதான், ஐயாமாரே. 'எப்படி வந்து சேர்வது?' என்ற இடத்தில் கார், ரயில், விமான நிலைய வாகனம் என்று மூன்று தெரிவு வைத்திருக்கிறீர்கள். பாலம் கட்டினவர்களுக்குப் படகு எதற்கு? வந்துசேரும் நேரத்துக்கு 'பின்னேரப் படகுக்கு முன்' என்று எழுதினேன். 'செல்லாத நேரம்' என்று சிவப்பில் வந்தது. சரியென்று விவரத்தின் முதல் வரியிலேயே படகைப் பற்றி எழுதி வைத்தேன். உங்கள் இயந்திரம் 'இலவச வாகனத் தரிப்பிடம்' என்பதை மேலே தூக்கி வைத்து, என் வரியை 'மேலும் வாசிக்க' என்பதற்குக் கீழே புதைத்தது. காசு கட்டுகிற பொத்தானுக்கு மேல், 'இது தீவு, கடைசிப் படகு எத்தனை மணிக்கென்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்' என்று ஒரு வரி போட எவ்வளவு செலவாகும்?

பாலம் எங்களுக்குப் பகிடி இல்லை. பிள்ளைப்பேற்று வலி கண்டவளையும் நெஞ்சுவலிக்காரரையும் ஒரு மணித்தியாலம் கடலில் கொண்டுபோகிற ஊர் இது. காற்று எழும்பினால் அதுவும் இல்லை. அந்தக் கடலை அழித்தது நீங்கள், தண்டம் கட்டுவது நானா? இது எந்த ஊர் நியாயம்?

மன்னிக்கவேண்டும். உப்புக்காற்று தலைக்கேறிவிட்டது.

கைராசி இருக்கும்போதே இன்னும் இரண்டு பாலம் போட்டுவிடுங்கள். ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையில் இன்றைக்கும் மிதவைப் பாதைதான். நயினாதீவுப் பாலத்தை ஆனி மாத அம்மன் திருவிழாவுக்கு முன் முடித்தால், குறிகட்டுவான் வெயிலில் படகுக்கு வரிசை நிற்கிற சனம் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்யும். உங்களை நம்பி வந்தவர்கள் இப்போதே செய்கிறார்கள், அது வேறு அர்ச்சனை.

இன்னொன்று. ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள்: ஊர்காவற்துறை இருக்கிற தீவு லைடன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். எங்களுடையது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று ஒருவர் என் வீட்டைப் பதிவுசெய்து, ரயில் நிலையத்திலிருந்து சைக்கிளில் வரலாமா, கால்வாய்ப் பக்கத்து அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. உங்கள் பாலம் நெதர்லாந்து வரைக்கும் போகிறதா என்று அறியத் தந்தால் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
நெடுந்தீவின் ஒற்றை நட்சத்திரப் பொய்யர்