முன்கால் இயல்

ஸ்கீ கட்டியவருக்கு இரண்டு கால்களும் சமம். சரிவில் நேராக முகம் வைத்து இறங்குகிறவரை எந்தக் கால் மூத்தது என்ற கேள்வியே எழாது. ஆயுள் முழுக்கச் சறுக்கியும் அது தெரியாமலே ஒருவர் ஓய்வு பெற்றுவிடலாம். தகராறு ரெயிலில்தான் தொடங்குகிறது. பனியில் நட்டுவைத்த அந்த இரும்புக் கம்பியின் மேல் போக வேண்டுமானால், துள்ளி ஏறும்போதே உடம்பை 90 டிகிரி திருப்பி, இரண்டு பலகைகளும் கம்பிக்குக் குறுக்கே கிடக்க, பக்கவாட்டில் சறுக்க வேண்டும். திரும்பிய கணத்தில் ஒன்று முன்காலாகவும் மற்றது பின்காலாகவும் ஆகிவிடுகிறது.

முன்னோர் இதை ஆராயாததற்குக் காரணம் உண்டு. 1998இல் சாலமன் நிறுவனம் இரு முனையும் மேல்நோக்கி வளைந்த ‘டென் எய்ட்டி’ பலகையைக் கொண்டுவந்த பிறகே, தப்பிதமாகத் திரும்பிப் பின்புறமாக இறங்கினாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் பரவலாக வந்தது. ஒரே பலகையில் பக்கவாட்டாக நிற்கும் ஸ்னோபோர்டுக்காரர்களுக்கோ இந்தக் கவலையே கிடையாது. பலகை வாடகைக்கு எடுக்கும்போதே “ரெகுலரா, கூஃபியா?” என்று கேட்டு, இடக்காலோ வலக்காலோ முன்னே வரும்படி, பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கை முடுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறந்தவுடன் ஜாதகம் எழுதியது போல.

ஸ்கீயர் தன் முன்காலைத் தானே கண்டறிய வேண்டும். எப்படி என்பதில் மதங்கள் பல.

கால்களைச் சேர்த்து நிற்பவரைப் பின்னாலிருந்து சொல்லாமல் தள்ள, விழாமலிருக்க எது முன்னே பாய்கிறதோ அதுவே முன்கால் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னையெனின், தள்ளப்போவது தெரிந்தால் கால் நடிக்கும். தெரியாவிட்டால் நட்பு கெடும். பந்து உதைக்கும் காலே முன்கால் என்பாரும் உளர். உதைக்கும் நேரத்தில் உடம்பைத் தாங்குவது மற்ற கால் என்பதை அவர்கள் கருதிலர், விடுக. எழுதும் கையைச் சாட்சிக்கு இழுப்பவர்களுக்குப் பதிலே வேண்டாம். வலக்கைக்காரர்களில் இரு வகையினரும் இருக்கிறார்கள்.

வழவழப்பான தரையில் காலுறையோடு ஓடிவந்து சறுக்கி, எந்தக் கால் முன்னே நீள்கிறது என்று பார்க்கச் சொல்லும் மதத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஓடிவரும் வேகத்தில் யோசிக்க நேரமில்லை அல்லவா? ஆனால் இதற்கு நேர் எதிரே நிற்கிறது சுழற்சி மதம். குதித்துத் திரும்புவதில் பெரும்பாலோருக்கு ஒரு பக்கம் எளிது, மறுபக்கம் வராது. வலப்பக்கம் திரும்பினால் இடக்கால் முன்னே வரும்; இடப்பக்கம் திரும்பினால் வலக்கால். இது வடிவியல், இதில் பேரம் இல்லை. எனவே காலுறையில் இடக்காலை நீட்டிச் சறுக்கும் ஒருவர், குதிக்கும்போது இடப்பக்கமே திரும்பிப் பழகியவர் என்றால், அவருடைய காலும் இடுப்பும் ஒரே ரெயிலுக்கு இரண்டு வேட்பாளர்களை நிறுத்துகின்றன. பாதிப் பேருடைய குழப்பம் இதுதான் என்பது நம் துணிபு.

தீர்ப்பு சொல்ல வேண்டியது பாக்ஸ் என்னும் தாழ்ந்த மேடை. கணுக்கால் உயரம், மேலே வழுக்கும் பிளாஸ்டிக், ரெயிலைவிட நல்ல அகலம். அதில் இரு பக்கமும் ஏறிப் பார்த்தால் ஒவ்வாத பக்கம் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். ஆள் முக்கால்வாசிதான் திரும்புவார். பலகைகள் குறுக்கே கிடக்காமல் சாய்ந்து கிடக்கும். பார்வை, முன்தோளைத் தாண்டி பாக்ஸின் கடைக்கோடிக்குப் போகாமல், தன் பூட்ஸிலேயே ஒட்டிக்கொள்ளும். பயத்தில் உடம்பு பின்காலுக்குச் சாய, விளிம்பால் கடித்து நிற்க அங்கே பனி இல்லை. பலகைகள் தம் வழியே முன்னால் போய்விடும். இடுப்பு மட்டும் பாக்ஸில் ‘தொம்’மென்று தங்கும். ஒத்த பக்கத்திலும் விழுவது உண்டு. ஆனால் அங்கே கழுத்தாவது சரியாகத் திரும்பியிருக்கும். கழுத்து சாதாரண விஷயமல்ல. 2016இல் பென்சில்வேனியாவின் செவன் ஸ்பிரிங்ஸில் ஸ்கீயர் டாம் வாலிஷ் 424 அடி ரெயிலைச் சறுக்கிக் கடந்தார். 2022இல் ஸ்வீடனின் ஓரே மலையில் இன்னொரு ஸ்கீயர் யெஸ்பர் ஷேடர் 154 மீட்டர் போய் அதையும் தாண்டினார். அவ்வளவு தூரம் தோளுக்கு மேலாகவே பார்த்துக்கொண்டு போகிறவர், கழுத்து திரும்பாத பக்கத்தைத் தேர்ந்திருந்தால் சாதனையோடு சுளுக்கையும் வாங்கியிருப்பார்.

ஆகவே கால் சொல்வதையும் இடுப்பு சொல்வதையும் கேட்டுக்கொண்டு, கழுத்தின் பேச்சை நம்புக.

இப்படிப் பாடுபட்டு நிறுவிய முன்காலை, 2014இல் சோச்சியில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்த ஸ்லோப்ஸ்டைல் போட்டி மதிப்பதில்லை. நடுவர்களுக்கு வேண்டியது வகைவகையான வித்தை. ஒரு ரெயிலில் இடப்பக்கம் திரும்பி ஏறியவர் அடுத்ததில் வலப்பக்கமும் ஏறிக் காட்டினால்தான் அவர்கள் மனம் குளிரும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ரெயிலின் நடுவிலேயே துள்ளி 180 டிகிரி திரும்பி, முன்காலைப் பின்காலாக்கி மிச்ச தூரத்தைக் கடக்கிறார்கள். அன்னாரைப் புறனடையில் சேர்க்க.